மலையைக் காக்கும் கூட்டமைப்பில் சேரிக்கும் இடம் வேண்டும்

2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் மதுரை தல்லாகுளம் வரை பேரணியாக வந்ததை நாம் பார்த்தோம். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது. சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் தப்பியது.

மக்கள் சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி இது. ஆனால், ஆபத்து வரும்போது கூடுவதும் அது விலகியதும் கலைவதுமாக இருந்தால் நிலம் நிலைக்காது. கிரானைட்டுக்காக இதே வட்டாரத்தில் குன்றுகள் அறுக்கப்பட்டதை மறந்துவிட முடியாது. முறைகேட்டை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014-இல் சகாயத்தை நியமித்தபோது, பல குன்றுகள் ஏற்கெனவே பள்ளங்களாகியிருந்தன.

எனவே நிரந்தரமான ஒரு வட்டாரக் கூட்டமைப்பு தேவை. அரிட்டாபட்டியில் 7 குன்றுகளும் 72 நீர்நிலைகளும் 200 சுனைகளும் இருப்பதாக அரசே சொல்கிறது. குன்றில் பெய்யும் மழை ஓடையாக இறங்கிக் கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. ஊராட்சி எல்லை தண்ணீருக்குத் தெரியாது. 2022-இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தின் சுமார் 193 ஹெக்டேர், மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025-இல் அழகர்மலையை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டி கோயில்காடு இரண்டாவது தலமானது. இவற்றுக்கு இடையிலுள்ள குன்றுகளையும் கண்மாய்களையும் யார் காப்பது? ஊர்கள் கைகோத்தால்தான் முடியும்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அந்தக் கையில் சேரியின் கையும் இருக்குமா?

மேலூர்ப் பக்கம் ஊர்களை இணைக்கும் பழைய ஏற்பாட்டுக்கு 'நாடு' என்று பெயர். அம்பலகாரர்கள் கூடி முடிவெடுப்பார்கள். சேரி மக்களுக்கு முடிவைக் கேட்டுக்கொள்ளும் இடம் மட்டுமே. இதே வட்டத்திலுள்ள மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவரான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காதவர்கள் செய்த கொலை அது. அந்த மண்ணில் அமையும் எந்தக் கூட்டமைப்பும் நாற்காலிக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பேரணியில் கூட்டம் சேர்க்கச் சேரி வேண்டும், பேச்சுவார்த்தைக்கு மட்டும் வேண்டாம் என்றால், அது பழைய நாட்டுக்குச் சூட்டிய புதுப் பெயர்தான்.

இது நியாயம் பற்றிய பேச்சு மட்டுமல்ல. நிலத்தைக் காக்கும் அறிவும் இதில் இருக்கிறது. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சிகளில் பெரும்பாலோர் தலித்துகள். எந்த மடை கசியும், எந்த வரத்துக்கால் தூர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தச் சரிவில் எந்த மூலிகை முளைக்கும் என்பது ஆடு மேய்க்கும் பெண்ணுக்குத் தெரியும். இவர்களைக் கேட்காமல் எழுதும் பல்லுயிர்ப் பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

பாதுகாப்பு என்றால் மேய்ச்சலும் விறகும் போய்விடுமோ என்ற அச்சம் நிலமில்லாத நம் மக்களிடம் இருக்கிறது. பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பதால் உள்ளூர் மக்களின் வழக்கமான பயன்பாடுகள் தடைபடாது. கட்டுப்பாடு வேண்டுமானால் மக்களே விரும்பி வைத்துக்கொள்ளலாம் என்பதே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். இதைச் சேரிக் கூட்டங்களில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2004-ஆம் ஆண்டு விதிகள், நியமன உறுப்பினர்கள் 6 பேருக்கு மிகாமலும், அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் 18 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்றன. 6 பேரில் 18 விழுக்காடு என்பது ஒருவருக்குச் சற்றுக் கூடுதல். ஒற்றை ஆளாக உட்காருபவர் கையெழுத்துப் போடத்தான் பயன்படுவார். குறைந்தது இருவர், அதில் ஒருவர் பெண். அவர்களைத் தலைவர் கைகாட்டக் கூடாது. குடியிருப்பு மக்களே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டாரக் கூட்டமைப்புக்கும் இதே முறை வேண்டும்.

கூட்டம் நடக்கும் இடமும் முக்கியம். எல்லோரும் சமமாக உட்காரக்கூடிய பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கூட வேண்டும். கூட்டமைப்பு வரையும் வரைபடத்தில் குன்றும் சுனையும் இருப்பதுபோல, சேரியின் சுடுகாடும் அதற்குப் போகும் பாதையும் பஞ்சமி நிலமும் இருக்க வேண்டும். அவையும் இந்த நிலப்பரப்புதான்.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்த விடுமுறையில் ஒரு நோட்டோடு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். கண்மாய், ஓடை, மரம், பறவை, பாதை எல்லாவற்றின் பெயரையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டை மேசையில் வைத்து, நம் ஊர்ப் பல்லுயிர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.