கேட்டுக்கும் கண் வேண்டும்

எங்கள் வீட்டு வாசலுக்குச் சோலார் கேட் வந்தாயிற்று. ரிமோட்டை அழுத்தினால் போதும், தானே நகர்ந்து திறக்கும். "இனிமே மழையில நனைஞ்சுகிட்டு கேட் திறக்க வேண்டாம்" என்று இவருக்கு ஒரே பெருமை.

மறு வாரமே வந்தது வினை. இவர் காரை வெளியே எடுத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். மூடிக்கொண்டிருந்த கேட்டின் கம்பியில் எங்கள் மூன்று வயது வாண்டு தொற்றிக்கொண்டது! நான் போட்ட கூச்சலில் மாமியார் ஓடிப்போய் மெயினை அணைத்தார். கேட் நின்றால்தானே? இவர் மறுபடி ரிமோட்டை அழுத்திய பிறகே நின்றது. எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கேட்டை ஓட்டுவது, பகல் வெயிலில் பேனல் நிரப்பி வைக்கிற பேட்டரி. வீட்டுக் கரண்டை நிறுத்தினால் அதற்கென்ன?

உடனே மெக்கானிக்கை வரவழைத்தோம். குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்தும் சென்சார், பெரியவர்கள் இடுப்புயரத்தில் இருந்தது. அதைக் குழந்தை உயரத்துக்கு இறக்கினோம். கேட் தண்டவாளத்தை விட்டுக் கழன்று சாயாமல் இருக்க, இரு கோடியிலும் இரும்புத் தடுப்பு வைத்தோம். பேட்டரிக்குத் தனி சுவிட்ச் போட்டாயிற்று. மோட்டாரை விடுவித்துக் கேட்டைக் கையால் தள்ளுவதற்கான சாவி எங்கே இருக்கிறதென்று மாமியாருக்குக்கூட இப்போது தெரியும். ரிமோட், வாண்டுக்கு எட்டாத ஆணியில்.

மாதம் ஒருமுறை காலி அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்துக் கேட்டை மூடிப் பார்க்கிறேன். பெட்டி நசுங்கினால் அன்றைக்கே மெக்கானிக்! உங்கள் வீட்டிலும் இன்றே செய்து பாருங்களேன்.