உறங்கும் ஊருணி



ஊருணி என்றதும் நம் முகவை மாவட்டத்தாரின் உள்ளத்தில் எழுவது நீர் நிறைந்த காட்சியே. ஆயினும் ஆண்டில் பல மாதங்கள் நாம் காண்பதோ வெடித்துக் கிடக்கும் வண்டல் நிலம். வைகையை நம்பியும் வானத்தை நம்பியும் வாழும் நமக்கு, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே பெரும் செல்வம். அது முடிந்து சில திங்களில் நீர் வற்றிவிடுகிறது. உடனே, "ஊருணியில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுக் குப்பையைக் கொட்டத் தொடங்கிவிடுகிறோம். உண்மையில் அங்கே ஒன்றுமில்லையா? இம்மாதம் இதனைச் சற்றே ஆராய்வோம்.

வெடிப்பு விழுந்த அந்த மண்ணுக்குள் ஓர் ஊரே உறங்குகிறது. நம் குளத்து நத்தையை எடுத்துக்கொள்வோம். நீரில் மூச்சுவிடச் செவுளும், காற்றில் மூச்சுவிட நுரையீரல் போன்ற பையும் ஆக இரண்டும் அதற்கு உண்டு. நீர் குறையத் தொடங்கியதும் அது சேற்றில் புதைந்து, தன் ஓட்டின் வாயிலைத் தகடு போன்ற மூடியால் இறுக அடைத்துக்கொள்கிறது. உடலின் ஈரம் வெளியேறாதவாறு கதவைச் சாத்திக்கொண்டு, கோடை முழுவதும் உண்ணாமல் உறங்குகிறது.

தவளைகளுள் ஒருவகை, பின்னங்காலில் மண்வெட்டி போன்ற தடித்த மேடு உடையது. அதனால் மண்ணைப் பறித்துப் பின்னோக்கி இறங்கி மறைந்துகொள்ளும். முதல் பெருமழையின் இரவில் எங்கிருந்தோ ஆயிரம் தவளைகள் கத்துவதைக் கேட்டு நாம் வியக்கிறோம். அவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. நம் காலடியிலேயே காத்திருந்தவை.

விரால் மீனுக்குச் செவுளின் மேற்புறத்தில் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு அமைந்துள்ளது. எனவே ஈரம் எஞ்சியுள்ள சேற்றில் அது நெடுநாள் உயிர் தாங்கும். இன்னும் வியப்பானது, மழைக்குட்டைகளில் மல்லாந்து நீந்தும் கண்ணாடி போன்ற சிற்றிறால். அதன் வாழ்நாள் சில வாரங்களே. ஆனால் அது இட்ட முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் கெடுவதில்லை. மழைநீர் பட்ட ஓரிரு நாட்களில் அவை பொரிக்கத் தொடங்குகின்றன.

உறங்கியவை விழித்தெழ, வெளியிலிருந்தும் விருந்தினர் வருகின்றனர். மழைக்காலத்தில் நம் கடற்கரையில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டான்களை அறியாத பிள்ளைகள் இல்லை. அவை புதிதாகத் தேங்கிய நீரைத் தேடி முட்டையிடுகின்றன. ஏறக்குறைய ஆறு வாரங்களில் குஞ்சு வளர்ந்து, புல்லின்மேல் ஏறித் தோலுரித்துப் பறந்துவிடுகிறது. மாலத்தீவில் வாழ்ந்த ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், இத்தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவின் வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்னும் கருத்தை 2009-இல் வெளியிட்டார். நம் வீட்டுக் கொல்லைப்புறக் குட்டையில் பிறந்த ஓர் உயிர் பெருங்கடலைத் தாண்டக்கூடும் என்றால், அக்குட்டையை அற்பமென்று எண்ணலாமா?

"நீர் தேங்கினால் கொசு பெருகுமே" என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயமே. இராமேசுவரம் தீவு நெடுங்காலம் மலேரியாவால் வருந்திய இடம். ஆனால் உயிர்கள் நிறைந்த குளத்தில் கொசுவுக்குப் பகைவர் பலர். தட்டானின் குஞ்சு, மடித்து வைத்த கீழுதட்டைக் கைபோல் நீட்டிக் கொசுப்புழுக்களைப் பிடித்துண்ணும். தலையில் வெண்புள்ளி ஒளிர நீர்மட்டத்தில் திரியும் சிறு மீன்களும் அவ்வாறே. டெங்கு பரப்பும் கொசுவோ, மீனும் பூச்சியும் இல்லாத தொட்டியையும், சிரட்டையையும், பழைய டயரையும் நாடுகிறது. ஆதலின் மூட வேண்டியது தொட்டியை; கவிழ்க்க வேண்டியது சிரட்டையை. தூர்க்க வேண்டியது ஊருணியை அன்று.

கொசுவை ஒழிக்கவென்று 1928-இல் நம் நாட்டுக்குக் கொணரப்பட்ட கம்பூசியா மீன், தலைப்பிரட்டைகளையும் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்தே தின்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசின் தடை உண்டு. வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீன்களைக் குளத்தில் விடுவது கருணை போலத் தோன்றினும், அங்குள்ள குடிகளுக்கு அது பெருங்கேடே.

நம் நீர்நிலைகளின் பெருமையை உலகமும் உணர்ந்துள்ளது. முதுகுளத்தூர்ப் பகுதியின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய பறவைச் சரணாலயங்கள் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இவையெல்லாம் நம் முன்னோர் பாசனத்துக்கென வெட்டிய கண்மாய்களே. கோடையில் வறண்டு கிடப்பவையும் இவையே. மழைக்குப் பின் அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கொக்கும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன என்றால், அவற்றுக்கு இரையாகும் மீனும் தவளையும் நத்தையும் அங்கே உள்ளன என்பதே பொருள். அவ்விரையில் ஒரு பகுதி சேற்றில் உறங்கியிருந்ததன்றோ?

ஆகவே நாம் செய்யத்தக்கவை எளியவை. வறண்ட ஊருணியில் குப்பையும் கழிவுநீரும் சேராமல் காப்போம். தூர்வாருதல் தேவையான பணியே. ஆயினும் இயந்திரம் கொண்டு ஒரே நாளில் அடிவரை சுரண்டாமல், ஒரு மூலையிலேனும் பழைய வண்டலை விட்டுவைக்குமாறு ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைப்போம். விழித்தெழும் உயிர்கள் அம்மூலையிலிருந்து குளம் முழுதும் பரவும். கரை முழுவதையும் செங்குத்தாகக் கல் பதித்து அடைத்துவிடாமல், தவளையும் ஆமையும் ஏறி இறங்க ஒருபுறம் சரிவாக விடுவோம். நீர் நிறைந்தபின் பெரியவர் துணையோடு பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று, பெயர் சொல்லிக் காட்டுவோம். தட்டானைப் பிடித்து நூல் கட்டும் கை, அதன் கடற்பயணத்தை அறிந்தபின் தானே தளரும்.

ஊரார் அனைவரும் உண்ணும் நீர் உடையது ஊருணி. அந்த "ஊரார்" என்னும் சொல்லில் மண்ணுக்குள் மழைக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்துக்கொள்வோமாக.