மன்ஹாட்டன் எலிக்கும் ‘ஏரியா’ உண்டு: நகரம் மரபணுவில் கோடு போடுவது எப்படி?

எலியின் வாலில் இருந்து ஒரு சின்னத் துண்டு போதும். அது மன்ஹாட்டனின் வடக்குப் பகுதி எலியா, தெற்குப் பகுதி எலியா என்று டிஎன்ஏவை வைத்தே சொல்லிவிடலாம். நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேத்யூ கோம்ப்ஸ், ஜேசன் முன்ஷி-சவுத் குழுவினர் 2017 இறுதியில் வெளியிட்ட முடிவு இது. அந்தத் தீவின் நீளமே சுமார் 21 கி.மீ.தான். வடக்கையும் தெற்கையும் பிரிக்க நடுவில் மலையோ ஆறோ கிடையாது. அப்புறம் எப்படி இரண்டு கூட்டம்?

எது பிரித்தது?

மிட்டவுன். அலுவலகங்களும் ஹோட்டல்களும் கடைகளும் நிறைந்த நடுப்பகுதி. அங்கே குடியிருப்பவர்கள் குறைவு. அதனால் வீட்டுக் குப்பை குறைவு, வளை தோண்டக் கொல்லைப்புற மண்ணும் குறைவு. எலியே இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற பகுதிகளைவிடக் குறைவு, அவ்ளோதான். பழுப்பு எலி பொதுவாகப் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாது. எனவே இந்த இடைவெளியைத் தாண்டி வடக்கும் தெற்கும் கலப்பது அரிதாகிவிட்டது.

கலக்காவிட்டால் என்ன ஆகும்?

பல தலைமுறையாக ஒரே ஊருக்குள் மட்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும்? கொஞ்ச காலத்தில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார்கள். விலங்குகளிலும் அதே கதைதான். கூட்டம் சிறியதாக இருந்தால் சில மரபணு வகைகள் தற்செயலாகவே அழிந்துபோகும். வெளியில் இருந்து புது வரவு இல்லாவிட்டால் போனது திரும்பாது. நாளைக்குப் புது நோய் வந்தாலோ தட்பவெப்பம் மாறினாலோ, தாக்குப்பிடிக்கும் வகை அந்தக் கூட்டத்தில் இல்லாமல் போகலாம்.

பூங்காவில் சிக்கிய சுண்டெலி

எலிக்காவது தெருவும் சாக்கடையும் உண்டு. அதே நகரத்தின் வெள்ளைக்கால் சுண்டெலிக்கு அதுவும் இல்லை. இது வட அமெரிக்கக் காடுகளின் பூர்வகுடி. காடு நகரமானபோது, மரங்கள் மிஞ்சிய பூங்காக்களில் ஒதுங்கியது. பூங்காவைச் சுற்றிலும் கார் ஓடும் சாலைகள்.

முன்ஷி-சவுத் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, நகரின் 14 இடங்களில் பிடித்த சுண்டெலிகளை ஒப்பிட்டது. பூங்காவுக்குப் பூங்கா மரபணு தெளிவாக வேறுபட்டது. வருடத்துக்குப் பலமுறை குட்டி போடும் உயிரினம் என்பதால் மாற்றம் சீக்கிரமே தெரிகிறது. பின்னர் வந்த ஆய்வுகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நகரமயம் கூடக்கூட மரபணுப் பன்மை குறைகிறது. மரநிழல் தொடர்ச்சியாக இருக்கும் இடங்களில் மட்டும் பூங்காக்களுக்கு இடையே கலப்பு நடக்கிறது.

பீட்சா மாற்றியதா?

பிரிவது மட்டுமல்ல, நகர வாழ்க்கைக்கு ஏற்ப மாறவும் செய்கிறதா? 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, நகரச் சுண்டெலிகளில் கொழுப்பைக் கையாளும் மரபணுக்களிலும் மாற்றத்தின் தடயங்களைக் கண்டது. மனிதர்கள் வீசும் பீட்சா போன்ற கொழுப்பு உணவுகள் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம்தான், உறுதியாகவில்லை.

சரி, இதுல நமக்கு என்ன?

பிரேசிலின் சால்வடார் நகரக் குடிசைப் பகுதிகளில் மழைக்காலம் வந்தால் எலிக்காய்ச்சல் பயம். அங்கே எலிகளின் டிஎன்ஏவைப் பார்த்தால், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கூட்டம் மாறுகிறது. இது எலி ஒழிப்பில் நேரடியாக உதவும். ஒரே ஒரு தெருவில் மருந்து வைத்தால், பக்கத்துத் தெரு எலி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கூட்டம் பரவியிருக்கும் பகுதி முழுவதிலும் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் பலன் நிலைக்கும்.

அரைகுறையாகச் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒழிப்புப் பணிக்குப் பிறகு சால்வடாரில் மிஞ்சிய எலிகளின் மரபணுப் பன்மை குறைந்திருந்தது. அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமாகவும் இருந்தன. ஆனால் எண்ணிக்கை திரும்பப் பெருகும்போது, தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்தான் அந்த இடத்தை நிரப்பும். விஷத்தைத் தாங்கும் தன்மையால் அவை தப்பியிருந்தால், அடுத்த தலைமுறைக்கும் அது போகும்.

ஆக, இடைவெளி ஒரு உயிருக்குத் தடை என்றால், அதே இடைவெளி நமக்கு எலியைக் கட்டுப்படுத்தும் கருவி. எலிக்கு அந்த இடைவெளி வேண்டும்: மூடிய குப்பைத்தொட்டி, அள்ளப்பட்ட குப்பை. காட்டுச் சுண்டெலிக்கு அது வேண்டாம்: ஒரு பூங்காவில் இருந்து அடுத்த பூங்காவுக்கு மரவரிசை. இரண்டையும் தீர்மானிப்பது குப்பை வண்டி வரும் நேரமும் சாலை விரிவாக்கத்தில் எந்த மரம் வெட்டப்படுகிறது என்பதும்தான். அந்த முடிவுகளை எடுப்பது மாநகராட்சி அலுவலகத்தில்.