துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்

மதிய இடைவேளை முடிந்த பிறகும் டிபன் பாக்ஸில் பாதிச் சப்பாத்தியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'அடம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துண்டைச் சிறிதாகப் பிய்க்கும், வெகுநேரம் மெல்லும், வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கும், கறியை ஒதுக்கிவிடும். விழுங்க முடியாத பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட வழிகள் இவை. கூடவே வாந்தியும் நெஞ்செரிச்சலும் இருந்தால் அமிலம் எதுக்களிக்கிறது என்று ஒமெப்ரசோல் எழுதித் தருகிறார்கள். பலருக்கு அது போதும். தொல்லை அடங்காதபோதும் அதே மருந்தை மாதக்கணக்கில் நீட்டுவதுதான் தவறு. ஈசினோபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ் இருக்கிறதா என்று அப்போது பார்த்தே ஆகவேண்டும்.

இளைப்புக்காரர்கள் உள்ள வீடுகளில் ஈசினோபீலியா பழகிய பெயர். அதே ஈசினோபில் அணுக்கள், பால், கோதுமை, முட்டை போன்ற உணவுகளின் ஒவ்வாமையால் உணவுக்குழாயின் சுவரில் சேர்ந்து அதைப் புண்படுத்துவதே இந்த நோய். எதுக்களிப்பு மருந்துக்கு அடங்காத 10 குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமிலப் பால்மாவு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1995இல் வெளியானது. அத்தனை பேருக்கும் தொல்லை தீர்ந்தது அல்லது குறைந்தது. இந்த நோயை ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. எண்டோஸ்கோபியில் குழாய் பளிச்சென்று தெரிந்தாலும் நோய் இருக்கலாம். அதனால் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 சதைத்துணுக்குகள் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 அணுக்களோ அதற்கு மேலோ தெரிந்தால், மற்றக் காரணங்களை விலக்கிவிட்டு நோயை உறுதிசெய்யலாம்.

சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டுமா என்ற தயக்கம் நியாயமானது. நன்றாக எடை கூடும் கைக்குழந்தை பால் கக்கினால் இதெல்லாம் தேவையில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தானே நின்றுவிடும். ஆனால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளையின் விஷயத்தில் காலத்தைக் கடத்துவதும் ஆபத்துதான். 2013இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், தொல்லை தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு உணவுக்குழாய் சுருங்கியிருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் தாமதமானவர்களில் அது சுமார் 71 சதவீதம். ஒமெப்ரசோலில் குணம் தெரிந்தால் இந்த நோய் இல்லை என்ற பழைய வாதமும் 2018இன் சர்வதேச வழிகாட்டுதலோடு போய்விட்டது. நம் ஊரில் அரிது என்பார்கள். துணுக்கே எடுக்காமல் அதை எப்படிச் சொல்வது? பரிசோதிக்காமல் பாலையும் முட்டையையும் நிறுத்திப் பிள்ளையை மெலியவிடுவதும் வைத்தியமாகாது. உங்கள் பிள்ளைக்கு எண்டோஸ்கோபி செய்தால், 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை இடங்களில் துணுக்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.