வீடே பள்ளிக்கூடம் என்றால் குசினியில் யார்?

கொஞ்சக் காலமாக எங்கட வயசு ஆக்களின் ஃபோன்களில் ஒரே மாதிரியான வீடியோக்கள் சுற்றிக்கொண்டு திரிகின்றன. ஒரு பண்ணை வீடு. விடிய எழும்பி எல்லாரும் சேர்ந்து ஜெபம். தாய் மாப் பிசைந்து பாண் சுடுகிறா. நாலைந்து பிள்ளைகள் கோழிக்கூட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டு வந்து, அதே மேசையில் இருந்து கணக்குச் செய்கிறார்கள். யூனிஃபோர்ம் இல்லை, வான் இல்லை, ரியூசன் இல்லை. இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆக்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்டிலும் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள்ளும் இருக்கிறார்கள். "எங்கட பிள்ளைகளையும் இப்படி வளர்க்கோணும்" என்று கலியாணம் கட்டாத ஆக்களே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பெருமூச்சை நக்கலடிக்க எனக்கு விருப்பமில்லை. முதலாம் ஆண்டு அனுமதிக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கிற நாடு இது. கரண்ட் பில்லையும் வாக்காளர் இடாப்பையும் தூக்கிக்கொண்டு பெற்றோர் அலைகிற நாடு. உள்ளே போன பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை. அதற்காக மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குகிற வகுப்புகள். இதை விட்டு ஓட நினைக்கிற தாய் தகப்பனை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அந்த வீடியோவில் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, பிள்ளைகள் முட்டை பொறுக்கி, படித்து, ஜெபித்து முடிகிற மட்டும் குசினியில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அதைப் பாடம் என்றும் சொல்வதில்லை, வேலை என்றும் சொல்வதில்லை. மற்றது, பதினேழு வயதில் அந்தப் பிள்ளை "எனக்கு டொக்டராக வேணும்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த வீடியோ சொல்வதே இல்லை. இரண்டு கேள்விக்கும் நூறு வருசத்துக்கு முதலே நடந்த ஒரு கதையில் பதில் இருக்கிறது. அதில் இருந்த ஆக்களில் பலர் தமிழர்.

1910ஆம் ஆண்டு, தென்னாபிரிக்கா. டிரான்ஸ்வால் மாகாணத்தில் இந்தியர்களுக்கு எதிரான சட்டத்தை மீறி ஆண்கள் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போகிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள். வெளியில் இருக்கிற குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போது கட்டடக் கலைஞர் ஹெர்மன் கலன்பாக், ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் இருந்த தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகை இல்லாமல் கொடுக்கிறார். தோடை, அப்ரிகொட், பிளம் என்று ஆயிரம் மரங்கள் வரையில் நின்ற இடம். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பேர் வைத்தார்கள். காந்தியும் அங்கேயே குடிவந்தார்.

வேலைக்காரர் வைக்கவில்லை. சமையல், தோட்டம், கக்கூஸ் கழுவுவது எல்லாம் தாங்களேதான். சொந்த வேலைக்கு நகரத்துக்குப் போகிறவர் ரயிலில் போகக்கூடாது. விடியச்சாமம் எழும்பி 21 மைலும் நடக்கவேணும். கலன்பாக் ஒரு துறவிகள் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் பழகி வந்தார், அவரிடம் காந்தி பழகினார், காந்தியிடம் மற்றவர்கள் பழகினார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொன்னால் கூட நின்று ஒரு ஆசிரியரும் அதைச் செய்யவேணும் என்பது அங்கே வழக்கம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பைக் கூட்டியது நாங்கள்; சேர் தும்புத்தடியைத் தொட்டதை நான் கண்டதில்லை.

படிப்பு மத்தியானத்துக்குப் பிறகு. காலை முழுக்கத் தோட்டத்தில் முறிந்த உடம்பு, வெயில், சாப்பிட்ட வயிறு. பிள்ளைகளும் தூங்கி விழுவார்கள், படிப்பிக்கிறவரும் தூங்கி விழுவார். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படித்திருக்கிறார்கள். இதைக் காந்தியே எழுதிவைத்திருக்கிறார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். வீடியோவில் ஒரு பிள்ளையும் கொட்டாவி விடுவதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது தமிழ்ப் பாடம். தென்னாபிரிக்காவில் பிறந்த அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. படிப்பித்தது காந்தி. அவருக்குத் தெரிந்த தமிழோ கப்பலிலும் சிறையிலும் இருந்து போப்பையருடைய கைநூலை வைத்துப் பழகிய தமிழ். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை எந்த நேரமும் வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால் பிள்ளைகள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். தன் அறியாமையை அவர் ஒளிக்கவில்லை. இண்டைக்கு வெள்ளவத்தையில் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது என்று கவலைப்படுகிற அம்மம்மா, அப்பப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளை பேசுகிற அரைகுறைத் தமிழிலிருந்தும் தொடங்க இடமிருக்கிறது.

நம்பிக்கை விஷயத்திலும் அந்தப் பண்ணை இந்த வீடியோக்களுக்கு நேரெதிர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் என்று எல்லாரும் ஒரே குசினியில் சாப்பிட்டார்கள். முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு பிடித்த மாதத்தில் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து பகல் சாப்பாட்டை விட்டு, பின்னேரம் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இப்போது வீட்டோடு படிப்பிக்க விரும்புகிற குடும்பங்களில் சில, இந்துவோ கிறிஸ்தவமோ, "வெளிப் பிள்ளைகளோடு சேர்ந்தால் கெட்டுவிடும்" என்ற பயத்தில்தான் பேசுகின்றன. நம்பிக்கை அங்கே மதிலாகிவிடுகிறது. எங்கட பள்ளிக்கூடங்களும் பெரிய திறம் இல்லை என்பதையும் சொல்லவேணும். சிங்களப் பள்ளி, தமிழ்ப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, இந்துக் கல்லூரி, கத்தோலிக்கக் கல்லூரி என்று நாங்களே பிள்ளைகளைப் பிரித்து அடுக்கித்தான் வைத்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் கோயில் மணியும் லூசியா தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் கேட்கும்; வகுப்பறையில் அப்படிக் கேட்பது குறைவு.

இனி அந்தக் குசினிக்கு வருவோம். பண்ணையில் இருந்தவர்களை ஒரு கட்டத்தில் காந்தி எண்ணிச் சொல்கிறார். இளைஞர்கள் ஏறக்குறைய 40 பேர், வயதானவர்கள் இரண்டு மூன்று பேர், பிள்ளைகள் இருபது முப்பது பேர். பெண்கள் ஐந்து பேர். குசினிப் பொறுப்பு அந்தப் பெண்களிடம், உதவிக்கு ஒன்றிரண்டு ஆண்கள். எழுபது பேர் வயிற்றுக்கு ஐந்து பெண்கள்! ஆண்கள் கக்கூஸ் கழுவினது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலை கொதித்த இடத்தில் ஒழுங்கு மாறவில்லை. இன்னொன்று: சில பொடியன்கள் இரண்டு பெண்பிள்ளைகளைப் பகிடி பண்ணினார்கள் என்று தெரிந்தபோது, காந்தி பொடியன்களைக் கண்டித்ததோடு நிற்கவில்லை, அந்த இரண்டு பிள்ளைகளின் நீளமான தலைமுடியைத் தன் கையாலேயே வெட்டினார். பிள்ளைகள் முதலில் சம்மதிக்கவில்லை. பிழை செய்தது ஒரு பக்கம், முடி போனது மற்றப் பக்கம். எவ்வளவு நல்ல நோக்கமுள்ள வீட்டுப் பள்ளியிலும், வெளியில் போய் முறையிட ஒரு இடம் இல்லாவிட்டால் இப்படி நடக்கும்.

அந்தப் பெண்கள் குசினியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லவேணும். 1913இல் போராட்டம் திரும்பத் தொடங்கினபோது, பண்ணையில் முன்பு இருந்த பெண்களைத்தான் காந்தி முதலில் நினைத்தார். 11 பேர் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர், ஆறு பேரின் இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய்ப் பேசினார்கள், தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. அந்தப் பட்டியலைப் பார்த்தால் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி முருகேச பிள்ளை என்று போகும். ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாம் புருசன்மாரின் பேர்.

மற்றக் கேள்விக்குப் பதில் காந்தியின் மூத்த மகன். ஹரிலால் தகப்பனின் போராட்டத்தில் பல தடவை சிறை போனவர். அவருக்கு ஆசை ஒன்றுதான்: தகப்பனைப் போல இங்கிலாந்து போய்ப் படிக்கவேணும். தகப்பனுக்கோ அந்தப் படிப்பில் நம்பிக்கை போய்விட்டது. குடும்ப நண்பர் ஒருவர் இலண்டனில் படிக்க உதவித்தொகை கொடுத்தபோது, அது ஹரிலாலுக்குக் கிடைக்காமல் வேறு ஆக்களுக்குப் போனது. 1911இல் ஹரிலால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். பிறகு இந்தியாவில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து மெட்ரிக் பரீட்சை எழுதிப் பார்த்தார். சித்தியடையவில்லை. தன் பிள்ளைகள் எல்லாருக்குமே படிப்பு விஷயத்தில் தன்மேல் மனக்குறை உண்டு என்று காந்தியே சுயசரிதையில் எழுதுகிறார். ஆனாலும் தான் செய்தது சரி என்றும் எழுதுகிறார். பரிஸ்டர் பட்டம் கையில் இருக்கிற ஒருவர் பட்டத்தைத் துறக்கலாம், அது அவருடைய தியாகம். ஹரிலாலிடம் துறக்க என்ன இருந்தது?

எங்கட நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனம் இருக்கிறது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டப் பாடசாலைகளிலேயே விடப்பட்டார்கள். அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்க 1970கள் ஆனது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து குசினியில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களும் ஒரு வீட்டுக்குள்தான் இருந்தார்கள், விடியக்காலை எழும்பினார்கள், பாத்திரம் கழுவினார்கள். அதை ஒருவரும் அழகான வாழ்க்கை என்று வீடியோ எடுக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது சிறையே இல்லை.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினபோது எல்லாருமே வீட்டுப் பள்ளியை ருசி பார்த்தோம். இரண்டு அறை பிளட்டில் மூன்று பிள்ளை, ஒரு ஃபோன், வட்ஸ்அப்பில் வந்து குவிகிற நோட்ஸ். அடுப்பையும் பார்த்து, நோட்ஸையும் விளங்கப்படுத்தி, பிள்ளை எழுதினதைப் படம் எடுத்து அனுப்பினது அநேகமாக அம்மாமார்தான். வேலைக்குப் போகிற அம்மாமாரும்கூட.

ஆகவே வீட்டில் படிப்பிக்கப் போகிறோம் என்று சொல்கிற நண்பர்களிடம், குறிப்பாக நம்பிக்கையின் பேரில் சொல்கிற பொடியன்களிடம் சில விஷயம் கேட்கிறேன். யார் வேலையை விடப்போவது? "அவ விடுவா" என்று கேட்க முதலே பதில் வந்தால், நீங்கள் திட்டம் போட்டது அவவுடைய வாழ்க்கையை. சமையல் முறை எப்படி, கிழமையில் எத்தனை நாள் உங்களுடையது? பிள்ளை தன்னுடைய மதமில்லாத, வகுப்பில்லாத பிள்ளைகளோடு எங்கே விளையாடும்? இங்கே ஐந்து வயது முதல் 16 வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்? பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். எழுதலாம்; அதற்கான பாடத்திட்டத்தை எத்தனையாம் வயதில் கையில் எடுப்பீர்கள்? பிள்ளை பன்னிரண்டு வயதில் "எனக்குப் பள்ளிக்கூடம் போகவேணும்" என்று அழுதால், அடுத்த திங்கட்கிழமை அதைக் கூட்டிக்கொண்டு எந்தப் பள்ளி வாசலில் நிற்பீர்கள்?