கம்ப்யூட்டரும் வார்ப்படமும்

நம் சங்க அன்பர்களில் பலர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார்கள். சிலர், என்னைப் போல, ஹவுராவின் வார்ப்படப் பட்டறைகளில் காலம் தள்ளியவர்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு விஷயம் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

உருகிய உலோகம் அச்சுக்குள் எப்படி உறையும், ஆறும்போது எங்கே கோணும் என்பதை, ஊற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை இன்று சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

அலுமினியம் உறையும்போது சுமார் 6 சதவீதம் சுருங்குகிறது. அதை ஈடுகட்ட, ரைசர் என்ற தேக்கத்திலிருந்து உலோகம் இறங்க வேண்டும். ரைசர் முந்தி உறைந்துவிட்டால் வார்ப்படத்தில் குழி விழும். உறையும் நேரம், கன அளவைப் பரப்பளவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1940-இல் சுவோரினோவ் காட்டினார். தகட்டின் தடிமன் இரு மடங்கானால், உறைய நான்கு மடங்கு நேரமாகும். தகட்டுக்குக் காகிதக் கணக்கு போதும். வளைவும் துளையுமான பம்பு கேசிங்குக்குப் போதுமா? அதைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு நொடி வெப்பத்தைக் கணக்கிட கம்ப்யூட்டரால்தான் முடியும். மெல்லிய பகுதி முதலில் ஆறி விறைத்துக்கொள்ள, தடித்த பகுதி பின்னால் ஆறி இழுப்பதால் வரும் கோணலையும் அது காட்டும். ஊற்றி, அறுத்துப் பார்த்து, மறுபடி உருக்கி நாங்கள் வீணாக்கிய கோக் கொஞ்சமல்ல.

ஆனால் திரையில் தெரியும் வண்ணப் படத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் என் கவலை. சாம்பல் வார்ப்பிரும்பு உறையும்போது அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து விரிகிறது. அச்சு கெட்டியாக இருந்தால் அந்த விரிவே சுருக்கத்தைப் பெருமளவு ஈடுசெய்யும். மணலை லேசாக இடித்திருந்தால் அச்சுச் சுவர் விலகிக்கொடுக்கும். உள்ளே குழி விழும். மணலின் இறுக்கமும் ஈரமும் நாம் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், மென்பொருளோடு வந்த எண்களையே மாற்றாமல் வைத்துக் கணக்கிட்டார்கள். குழி விழுந்ததும் பழி அச்சுக்காரர் மேல் வந்தது. மணலைக் கையில் பிடித்தே ஈரம் சொல்லக்கூடிய அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு வேலை போயிற்று. இது நியாயமா?

மென்பொருளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அளவெடுப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மணலின் ஈரம், இறுக்கம், ஊற்றும் வெப்பநிலை மூன்றையும் தினமும் குறித்து வைக்கட்டும். பழுதான வார்ப்படத்தை உருக்குமுன் அறுத்து, திரையில் வந்த படத்தோடு ஒப்பிடட்டும். அப்போது அச்சுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைக்கட்டும்.

இந்தத் துறையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒரு மாதமாவது பட்டறைக்குப் போய், உங்கள் கையால் மணலை இடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கேதான் விளங்கும்.