லட்ச ரூபாய் வாட்சும் நாலரை மணி ஜன்னலும்



சென்ற இதழில் வந்த சுவிஸ் கைக்கடிகாரக் கட்டுரைக்கு நீங்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை விலையைப் பற்றித்தான். 'அந்தப் பணத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போடலாமே' என்று ஒருவர், 'மணி பார்க்க செல்போன் போதாதா' என்று இன்னொருவர். நியாயமான கேள்விகள். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருந்த ஒற்றை வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது: 'இத்தனை லட்சம் கொடுத்து வாங்குகிற வாட்சிலும் பார்க்கச் சகிக்காதது என்று ஏதாவது உண்டா?'

உண்டு டீச்சர், நிறையவே உண்டு. சொல்லப்போனால், வாட்ச் பிரியர்கள் ஒன்றுகூடினால் பிடித்ததைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடிக்காததைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். இந்த மாதப் பக்கத்தை உங்கள் கேள்விக்கே தந்துவிடுகிறேன்.

நம் ஊரே ஒரு சொகுசு வாட்சைப் பற்றிப் பேசிய காலம் ஒன்று இருந்தது, நினைவிருக்கும். 2022 டிசம்பரில் ஓர் அரசியல் தலைவரின் கையில் இருந்த 'ரஃபேல் வாட்ச்'. பெல் அண்ட் ராஸ் நிறுவனம் 500 மட்டுமே செய்த பதிப்பு அது. விமானி அறைக் கருவியைப் பெயர்த்து மணிக்கட்டில் கட்டியதுபோல் சதுர உடல், அதற்குள் வட்ட டயல். தொலைக்காட்சி விவாதங்களில் எல்லோரும் பில்லைக் கேட்டார்கள். வாட்ச் நன்றாக இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிரியர்கள் இதற்கு நேர் எதிர். விலையை விட்டுவிடுவார்கள். தேதி ஜன்னல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குச் சண்டை போடுவார்கள்.

அவர்களுக்கு ஆகவே ஆகாதது நாலரை மணித் தேதி. அதாவது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதில் தேதியைக் காட்டுவது. டயலுக்கு அடியில் 1 முதல் 31 வரை அச்சிட்ட வளையம் ஒன்று தினமும் ஓர் எண் நகரும். ஜன்னலை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். மூன்று மணி இடத்தில் வெட்டினால் அந்த மணிக்குறி போய்விடும். அதைக் காப்பாற்றத்தான் ஓரமாக ஒதுக்குகிறார்கள். ஆனால் டயலின் சமன் கெட்டுவிடுகிறது. கறுப்பு டயலில் வெள்ளைத் தேதி வளையம் வேறு எட்டிப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மணி தெரியாது, அந்த ஓட்டைதான் தெரியும்.

இதே ஜன்னல் இன்னொரு ரகசியத்தையும் காட்டிக்கொடுக்கும். பெரிய வாட்ச் வாங்க ஆள் இருக்கிறது என்று உடலை 44, 45 மில்லிமீட்டருக்குப் பெருக்கிவிட்டு, உள்ளே பழைய சின்ன மெஷினையே வைக்கிற வழக்கம் உண்டு. தேதி வளையம் மெஷினின் அளவுக்குத்தானே இருக்கும்? அதனால் ஜன்னல் டயலின் ஓரத்தை எட்ட முடியாமல் நடுப்பக்கம் நகர்ந்து நிற்கும். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கிரோனோகிராஃப் வாட்சில் குட்டி டயல்கள் ஒன்றையொன்று நெருக்கி, மாறுகண் போலத் தெரியும். ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியைத் திறக்காமலேயே 'உள்ளே மெஷின் சின்னதுங்க' என்று சொல்லிவிடுவது இப்படித்தான்.

உடனே எல்லா நாலரை மணித் தேதியும் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். 1969-இல் வந்த ஜெனித் எல் பிரிமேரோவிலும் தேதி அங்கேதான். சாம்பல், நீலம் என்று நிறம் மாறும் மூன்று குட்டி டயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்த முகப்பில், இடைவெளி மிஞ்சுகிற இடமே அதுதான். அதனால் பிரியர்கள் அதை மன்னித்துவிட்டார்கள். மன்னித்ததென்ன, கொண்டாடுகிறார்கள்.

மன்னிக்காத கதை ஒன்று உண்டு. 2019 ஜனவரியில், ஜெனீவா கண்காட்சியில் ஓடிமார் பிகே நிறுவனம் 'கோட் 11.59' என்ற புதிய வரிசையை இறக்கியது. ஒரே நாளில் 13 மாடல்கள், எல்லாம் தங்கம். அன்றைக்குக் கிடைத்த வசவு சொகுசு வாட்ச் உலகம் அதற்கு முன் கேட்டிராதது. 'இந்த டயலை எந்த மாலிலும் பார்க்கலாமே' என்பதுதான் அதன் சாரம். வழவழவென்று வெறுமையான முகப்பு, அதில் ஒட்டவைத்தாற்போல் எண்கள், போதாக்குறைக்கு அதே நாலரை மணித் தேதி.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாட்சைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் கதையே வேறு. மேலே வட்ட வளையம், நடுவில் எண்கோண உடல். ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கால்கள் மேல் வளையத்தோடு மட்டும்தான் இணைந்திருக்கும், கீழே பின்மூடியைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். கண்ணாடி உள்பக்கம் ஒரு வளைவு, வெளிப்பக்கம் வேறொரு வளைவு. இவ்வளவு உழைப்பையும் உடலில் போட்டுவிட்டு, முகத்தைக் கோட்டை விட்டுவிட்டார்கள். திட்டியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்கு நிறுவனம் பிறகு செய்ததே சாட்சி. அடுத்த ஆண்டே புகைபடிந்தாற்போன்ற வண்ண டயல்கள் வந்தன. 2023-இல் ஸ்டீலில் வந்தபோது எண்களை எடுத்துவிட்டுக் கோடுகள் வைத்தார்கள், டயல் முழுக்க வட்டம் வட்டமாக நுண்ணிய அலைகளைப் பதித்தார்கள். உடலின் அமைப்பில் கைவைக்கவில்லை. அதே 2023-இல் ஜெனீவா கடிகார விருதுகளின் உச்சப் பரிசான 'தங்க முள்' கோட் 11.59 வரிசையின் ஒரு வாட்சுக்குப் போனது.

என் எண்ணம் இதிலிருந்து வந்ததுதான். சின்ன விஷயங்களில் பிரியர்களின் கண் தப்புவதே இல்லை. எண்ணின் எழுத்துரு, ஜன்னலின் இடம், முள்ளின் நீளம் என்று அவர்கள் குறை சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் ஒரு வாட்சின் மொத்த வடிவத்தைப் பற்றி முதல் நாளில் அவர்கள் தரும் தீர்ப்பை நம்பக் கூடாது. அதில் அவர்கள் பலமுறை தோற்றிருக்கிறார்கள்.

பெரிய தோல்வி 1972-இல். ஜப்பானிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச் வந்து சுவிஸ்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு பாசல் கண்காட்சியில் இதே ஓடிமார் பிகே 'ராயல் ஓக்' என்ற வாட்சை வைத்தது. வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. ஒரே இரவில் வரைந்து கொடுத்தார் என்பது வாட்ச் உலகம் அலுக்காமல் சொல்லும் கதை. எண்கோண வளையம், அதில் வெளிப்படையாகத் தெரியும் எட்டு போல்ட்டுகள், 39 மில்லிமீட்டர் உடல், அத்தனையும் ஸ்டீல். விலையோ 3,300 சுவிஸ் ஃபிராங்க். அன்றைக்குப் பல தங்க வாட்சுகளைவிட அதிகம். இரும்புக்கு இந்த விலையா, இந்த அகலமா, போல்ட்டை மறைக்கக்கூடத் தெரியவில்லையா என்று சிரித்தார்கள். முதல் தொகுதி மெதுவாகத்தான் விற்றது.

அந்த போல்ட்டுகளைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். தலை அறுகோணம். வளையத்தில் வெட்டிய அறுகோணக் குழிக்குள் அது அச்சாக உட்காரும். அதனால் முன்பக்கமிருந்து திருகவே முடியாது, முடுக்குவது பின்பக்கமிருந்து. எட்டுத் தலைகளிலும் உள்ள கீற்றுகள் வளையத்தின் வளைவை ஒட்டி வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். வாட்ச் முழுக்க ஸ்டீல் என்றேனே, இந்தத் தலைகள் மட்டும் வெள்ளைத் தங்கம். 1972-இல் இதையெல்லாம் நின்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இன்றைக்கு அந்த வாட்சுக்குப் பணத்தோடு போனாலும் கடையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

1993-இல் இதே கதை மறுபடியும் நடந்தது. இமானுவேல் கெய்ட் என்ற இளைஞர் ராயல் ஓக்கை 42 மில்லிமீட்டருக்குப் பெருக்கி, தடித்த ரப்பர் வளையம் வெளியே தெரிய 'ஆஃப்ஷோர்' என்று கொண்டுவந்தார். அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மிருகம்'. தன் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஜென்டாவே கொதித்துப்போனார் என்பார்கள். ஒரு காலத்தில் ஊரே சிரித்த வாட்சை வரைந்தவர், அடுத்தவர் வரைந்ததைப் பார்த்துக் கோபப்பட்டார். பெரிய வாட்ச் மோகம் பின்னர் உலகம் முழுக்கப் பரவியதற்கு வழிபோட்டது அந்த மிருகம்தான்.

ரோலெக்ஸ் டேட்டோனா விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-களில் அதன் ஒரு வகை டயல் யாருக்கும் பிடிக்கவில்லை. குட்டி டயல்களின் கோடுகளின் நுனியில் சின்னச் சதுரங்கள், ஏறுக்குமாறான நிறங்கள். கடைகளில் தூசி படிந்து கிடந்தது. அந்த வகையில் ஒன்றை நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்தார், கவனமாக ஓட்டும்படி பின்னால் பொறித்து. 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, இன்று திட்டு வாங்குவதெல்லாம் நாளை பொக்கிஷம் என்று சொல்லக் கிளம்புபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டைட்டானிக் கப்பலின் துருப்பிடித்த இரும்பை வளையமாக வைத்து 2007-இல் ரோமேன் ஜெரோம் நிறுவனம் ஒரு வாட்ச் செய்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் இறந்த கப்பலின் துருவைக் கையில் கட்டிக்கொள்வது அன்றும் எனக்கு ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அந்த நிறுவனமே இப்போது இல்லை. ரோலெக்ஸ் 2023-இல் செய்த 'புதிர்' டே-டேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956 முதல் கிழமையையும் தேதியையும் காட்டிவந்த வாட்ச் அது. புதிய பதிப்பில் கிழமை இருக்க வேண்டிய இடத்தில் அன்பு, அமைதி, நன்றி போன்ற சொற்கள், தேதி இருக்க வேண்டிய ஜன்னலில் 31 எமோஜிகள். எனாமல் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'இன்றைக்கு என்ன கிழமை' என்று கேட்டால் 'மகிழ்ச்சி' என்று பதில் சொல்கிற வாட்சை என்ன செய்வது?

பட்டேக் ஃபிலிப்பின் 'கியூபிடஸ்' இப்போது நடந்துகொண்டிருக்கும் வழக்கு. 2024 அக்டோபரில் மியூனிக்கில் வெளியிட்டார்கள். அந்த நிறுவனத்தின் 25 ஆண்டுகளில் முதல் புதிய வரிசை என்பதால் எதிர்பார்ப்பு ஏகமாக இருந்தது. வந்ததோ மூலை மழுங்கிய 45 மில்லிமீட்டர் சதுரம். இதுவும் ஜென்டா வரைந்ததுதானே என்று நினைக்கும் அளவுக்கு அவருடைய 1976 நாட்டிலஸின் சாயல், டயலில் அதே கிடைக்கோடுகள். சதுர உடலுக்குள் வட்ட மெஷின் என்று வேறு குறை. நிறுவனத்தின் தலைவர் தியரி ஸ்டெர்ன் பொறுக்கமாட்டாமல், திட்டுகிறவர்களில் பலர் எங்கள் வாட்ச் வைத்திருந்ததும் இல்லை, வைத்திருக்கப்போவதும் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வாங்க முடியாதவனுக்கும் கண் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 40 மில்லிமீட்டரில் இரண்டு கியூபிடஸ்கள் வந்தன. ஆறு மாதத்தில் ஒரு வாட்சை உருவாக்க முடியாது, அதனால் முன்பே போட்ட திட்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஐந்து மில்லிமீட்டர் குறைந்ததும் வசவு பாதியாகக் குறைந்தது. அளவில் பிரியர்கள் சொன்னது சரி. சதுரத்தைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் இருபது வருடம் பொறுக்க வேண்டும்.

பிரியர்களின் ஒரு வெறுப்பில் மட்டும் நான் சேர மறுக்கிறேன். ஸ்டீலும் தங்கமும் கலந்த இருநிறச் செயினை 'எண்பதுகளின் சமாச்சாரம்' என்று முகம் சுளிப்பார்கள். ரோலெக்ஸ் அந்தச் சேர்க்கைக்கு 1933-லேயே 'ரோலசார்' என்று பெயர் பதிந்துவிட்டது. நம் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்குப் போடுகிற வாட்ச் எத்தனை காலமாக அந்த இருநிறத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பட்டு வேட்டியின் ஜரிகைக்குப் பக்கத்தில் அதைப் பார்க்காதவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள்.

சரி, இனி உங்கள் முறை. வீட்டு பீரோவில், பார்க்கப் பிடிக்காவிட்டாலும் தூக்கிப் போட மனம் வராத வாட்ச் ஒன்று கட்டாயம் இருக்கும். எச்.எம்.டி.யாக இருந்தாலும் டைட்டனாக இருந்தாலும், துபாயிலிருந்து வந்த பெயர் தெரியாததாக இருந்தாலும் சரி. அதில் எது உங்கள் கண்ணை உறுத்துகிறது என்பதை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கும் அளவுக்கு எழுதி, டயல் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றோடு அனுப்புங்கள். 'நன்றாக இல்லை' என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டோம், எந்த இடத்தில் நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்தவை அடுத்த இதழில் வரும். முதல் கடிதத்தை டீச்சரிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்